ஆயுத பூஜையில மாட்டிக்கின ஜன்னலு

பொண்ணு ஊட்டுல பீரோ குடுப்பாங்கன்னு நானு செவுத்தோரமா எடம் ஒதுக்கி வச்சிருந்தேன். வந்து எறங்குனது கம்ப்யூட்டரு. பொதட்டூர்பேட்டையில இருந்து மினி லாரில கட்டிலு, அண்டா, குத்துவெளக்கு, அதுக்கு நடுவுல வைக்கோலு சுத்தி டீவி மாறி ஒண்ணு. டீவிதான்னு நெனச்சி நானு தெருவுக்கே சொல்ட்டேன். சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு நாலு பொம்பளைங்க வந்து பாய விரிச்சி ஒக்காந்துட்டாங்க. எம் மருமவ சுட்ச்ச போட்டா. கறுப்பா ஒரு தெர, அதுல வெள்ள வெள்ளையா எழுத்து ஓடுது, ஓடுது, ஓடிக்கினே கீது. எதுத்தூட்டுக்காரி எப்போ படம் போடுவாங்கன்னு கேட்டா. கடசில எழுத்தெல்லாம் நின்னு, ஒரு சின்னக் குச்சி மட்டும் கண்ண சிமிட்டிக்கினு நின்னுச்சி. அவ்ளோதான் படம். அவங்க பாய சுருட்டிக்கினு போய்ட்டாங்க. அடுத்த வாரம் அவ ஊட்டுல சீரியல் பாக்க நானு போனேன், அது வேற வெக்கக்கேடு.

எங்க ஊடு ஆரம்பாக்கத்துல. எம் புள்ளைக்கு கும்முடிப்பூண்டில இரும்பு கம்பி இழுக்கற கம்பெனில ஷிஃப்டு வேல. எனக்கு எழுத்து தெரியாது. இதக் கூட நானு சொல்ல சொல்ல பேத்தி எழுதிக்கினு கீறா. நடுவுல அவளா எதாச்சும் சேத்துகினான்னா நானு பொறுப்பில்ல.

மருமவ திருத்தணி பக்கம் பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் டிப்ளமோ முடிச்சவ. வேலைக்கு போறேன்னா, புள்ளயும் போன்னான். ஆனா இந்தப் பக்கம் கம்பெனிங்கள்ல கேக்கறதெல்லாம் வெல்டரு, ஃபிட்டரு. கம்ப்யூட்டர் வேலன்னா மெட்ராசுக்கு போவணும். விடியறதுக்குள்ள ரயிலேறி இருட்டுன பொறவு வரணும். கொஞ்ச நாளு போவட்டும்னு ஊட்டுல ஒக்காந்தா. ஒக்காந்தவ சும்மா இருந்தாளா? ஒரு பொஸ்தகத்தோட ஓசில வந்த சிடிய போட்டு, ஏற்கனவே இருந்தத அழிச்சிட்டு வேற எதையோ ஏத்துனா. அதுல வந்துச்சி வென.

ஒலகத்துல எங்கெங்கியோ இருக்கற ஆளுங்க சேந்து, சம்பளமே வாங்காம, ஒரு சாப்ட்வேர் எழுதறாங்களாம். ஃபோட்டோங்கள அடுக்கி வச்சி பாக்கறதுக்கு. யாரு வேணா வந்து சேரலாம், யாரு வேணா எடுத்துக்கலாம். ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாப்புல, ஒருத்தி மாவு, ஒருத்தி வெல்லம், ஒருத்தி வெறவு. அது எனக்கு புரிஞ்சிச்சி. எம் புள்ளைக்குதான் புரியல. கூலி இல்லாத வேலைக்கு ஆளுங்க எப்டி வராங்க, மேஸ்திரி திட்ட மாட்டாரான்னு கேட்டான். மேஸ்திரி ஒருத்தரு இருந்தாரு. வெள்ளக்காரரு. யாரு எத எழுதி அனுப்புனாலும் பாத்து, சேக்கறதா வேணாமான்னு சொல்றது அவருதான். அன்னிலர்ந்து எங்க ஊட்டுல அவருக்கு பேரு மேஸ்திரிதான்.

இவ சேந்தா. ஆனா தெரையில ஜன்னலு போட தெரியாது. காலேஜுல சொல்லிக் குடுத்ததெல்லாம் அந்த கறுப்புத் தெரதான். படம் மாறி வர சமாச்சாரத்துக்கு டூல்கிட்டு கத்துக்கணும்னா. எம் புள்ள உடனே, எங்கிட்டதான் ஸ்பேனரு பொட்டி கீதே, இன்னொண்ணு எதுக்குன்னான். அவ தலையில அடிச்சிக்கினு சொன்னா: ஜன்னலு, பொத்தானு, எழுதற கட்டம், இழுக்கற பட்ட, எல்லாத்தையும் யாரோ முன்னாடியே செஞ்சி வச்சிகீறாங்க. நாம எடுத்து நம்ம ஊட்டுக்கு ஏத்தாப்புல மாட்டிக்கினா போதும்.

மாட்டிக்கினா போதும்னு சொன்னவ மூணு மாசம் மாட்டிக்கினு முழிச்சா.

மொத மொத ஒரு ஜன்னலு செஞ்சா. சாம்பக் கலருல ஒரு கட்டம், நடுவுல ஒரு பொத்தானு. அடுப்புல கொழம்பு கொதிக்குது, என்ன கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்து மவுஸுன்னு ஒரு எலிய என் கையில குடுத்தா. அமுக்குங்க அத்தேன்னா. அமுக்குனேன். ஒண்ணும் ஆவல. இன்னும் ஒருவாட்டி அமுக்குனேன். பொத்தானு உள்ள போவுது, வெளிய வருது, அவ்ளோதான். இன்னா செய்யும் இதுன்னு கேட்டேன். ஒண்ணும் செய்யாது அத்தே, இன்னும் வேலையோட சேத்து இணைக்கலன்னா சந்தோசமா. காலிங் பெல்லு மாட்டிட்டு ஒயரு குடுக்காத மாறி. அதுக்கா கொழம்ப உட்டுட்டு வந்தேன்னு திட்டிட்டு போனேன். ரெண்டு நாளு கழிச்சி ஒயரு குடுத்துட்டா போல. அமுக்குனதும் எழுத்து வந்துச்சி. இன்னா எழுதிகீதுன்னு கேட்டேன். "வாங்க அத்தே"ன்னு எழுதிகீதாம். எனக்கு பெருமன்னா பெரும. எதுத்தூட்டுக்காரிய இட்டுக்கினு வந்து அமுக்க சொன்னேன். அவளுக்கும் "வாங்க அத்தே"ன்னுதான் வந்துச்சி. அவ என் வயசுக்காரி, நானே அவள அத்தேன்றேன்னு நெனச்சி கோச்சிக்கினு போய்ட்டா.

இண்டர்நெட்டுக்கு ஊட்டுல வழி கெடையாது. வாரத்துக்கு ரெண்டு வாட்டி ரயிலேறி கும்முடிப்பூண்டி போவணும், தொணைக்கி நானு. பஜாரு தாண்டி லேத்துப் பட்டறைங்க இருக்கற வரிசையில ஒரு பாய் பிரவுசிங் சென்டர் வச்சிருந்தாரு. பழவேற்காட்டுக்காரரு. அவங்க குடும்பமே யாவாரக் குடும்பம், மீன் வலைக்கு நூலு வித்தவங்க. இவரு மட்டும் நூலே இல்லாம வல விக்கறேன்னு வந்துட்டாரு. என்ன விட மூத்தவரு, ஆனா என்ன ஆயான்னுதான் கூப்புடுவாரு. கூப்டுட்டு போட்டும், அவரு பல்லு செட்டு வச்சிகீறது எனக்கு தெரியாதா? நல்ல மனுசன். அவரு கடையில கதவோர மூலையில மக்கரு பண்ணிக்கினு ஒரு மிஷினு கெடந்துச்சி. மருமவ அதுல அவளோட சிடிய ஏத்திக்கிறேன்னு கேட்டா. எடுத்துக்கம்மா, அது கதவு சாத்திக்காம முட்டுக் குடுக்கத்தான் ஆவுதுன்னாரு. ஏத்துனதும் ஓட ஆரம்பிச்சிட்சி. அப்பால கதவுக்கு ஒரு செங்கல்லு தேடி எடுத்தாரு.

அங்க ஒக்காந்துதான் மேஸ்திரிக்கு அனுப்புவா, மேஸ்திரி பதிலு போடுவாரு. பதில வழியெல்லாம் எனக்கு தமிழ்ல சொல்லிக்கினே வருவா. அந்த மனுசன் திட்டவே மாட்டாரு, அதான் பேஜாரு. 'ரொம்ப நல்லா கீது, ரொம்ப நன்றி'ன்னு ஆரம்பிப்பாரு. அப்டியே கீழ வந்தா, மொத்தமா பிரிச்சி மறுபடி தைக்கணும்னு இருக்கும். எங்க தெரு டெய்லரு ஜாக்கெட்டு அளவ கெடுத்துட்டு ரொம்ப நல்லா வந்துகீதுக்கான்னு சொல்லுவான் பாரு, அதுக்கு நேர் எதிரு. இவ மூக்க உறிஞ்சிக்கினே, வெங்காயம் நறுக்காத அன்னிக்கி கூட வெங்காயம்னு சொல்லிக்குவா. இன்னொண்ணு, அவரு சாருன்னு கூப்புடாதேன்னு எழுதிட்டாரு. பேரு சொல்லி கூப்புடணுமாம். ஒரு ஆம்பளைய, அதுவும் வேல கத்துக் குடுக்கறவர, எப்டி பேரு சொல்லி கூப்புடறது? ஒரு நாளு பூரா யோசிச்சி, அண்ணான்னு எழுதிட்டா. அதுக்கு அர்த்தம் கேட்டு, தெரிஞ்சிக்கினு, அடுத்த வாட்டிலர்ந்து அவரே கீழ அண்ணான்னு கையெழுத்து போட்டாரு.

இவளுக்கு குடுத்த வேல ஒரே ஒரு சின்ன ஜன்னலு. ஃபோட்டோவ அழிக்கப் போனா, நெசமாவே அழிக்கலாமா, ஆமாவா வேணாமான்னு கேக்கற ஜன்னலு. அவ்ளோதான். ஏற்கனவே இருந்ததுல தமிழப் போட்டா எழுத்து பாதி செவுத்துக்குள்ள போய்டுது. இங்கிலீஷ்ல குட்டியா இருக்கறது நம்ம பாஷையில நீளமா வருது இல்ல? இவ இன்னா பண்ணா, ஒவ்வொரு பொத்தானையும் இந்த எடம் இந்த எடம்னு கோலப் புள்ளி வைக்கறாப்புல அளந்து, பெரிசா அடிச்சி வச்சிட்டா. தமிழு சரியா வந்துச்சி. ஜெர்மனி பாஷையப் போட்டா அது வெளிய போச்சி. மேஸ்திரி எழுதுனாரு, எதையும் ஆணி அடிச்சி வைக்காதே, பொட்டிக்குள்ள பொட்டியா வைன்னு.

அன்னிக்கி எம் புள்ளைக்கு பகல் ஷிஃப்டு. சோறு கட்டலாம்னு வந்தா ஒரு டப்பா கூட காணோம். பாத்தா ரூமுல தரையில எல்லா டிபன் டப்பாவும் கெடக்குது. மூணு பக்கத்துல பக்கத்துல, அது ஒரு வரிசையாம். அந்த வரிசைக்கு கீழ இன்னொரு வரிசையாம். ரெண்டும் சேந்து தாம்பாளத்துக்குள்ள, அது ஒரு பெரிய பொட்டியாம். ஒண்ணையும் தொடாதீங்க அத்தே, இப்பதான் புரியற மாறி கீதுன்னா. எம் புள்ள மோர்க்கொழம்ப முறுக்கு டின்னுல எடுத்துக்கினு போனான். கம்பெனில ஒரு வாரம் அவனுக்கு முறுக்குன்னே பேரு.

பொட்டிங்க புரிஞ்சிட்சி. எந்தப் பொட்டி விரியணும், எந்தப் பொட்டி சுருங்கணும்ன்றது புரியல. ஒண்ண விரிச்சா எல்லாம் விரியுது, ஒரு பொத்தானு பாய் மாறி நீளமா படுத்துக்குது. அது எங்க புரிஞ்சிச்சி தெரியுமா, கும்முடிப்பூண்டி ரயில்ல. சீட்டுல மூணு பேரு ஒக்காந்துகினு கீறோம். மீன் கூடை வாசனையோட நாலாவது ஒரு அம்மா வந்து தள்ளி ஒக்காருங்கன்னாங்க. ஜன்னலோரம் ஒக்காந்தவரு அசையல. நானு கால மடக்கிக்கினேன். மருமவ, வயித்துல அப்போதான் நாலு மாசம், இப்டி சுருங்கி அப்டி சுருங்கி எடம் உட்டா. உட்டுட்டு திடீர்னு என் தொடைய தட்டி, "அத்தே, அவரு மாறி ஒருத்தரு, ஒங்கள மாறி ஒருத்தரு, என்ன மாறி ஒருத்தரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லணும் அத்தே"ன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஜன்னலோரத்துக்காரரு தன்னப் பத்தி எதோ பேசறாங்கன்னு மொறச்சாரு.

என் வேல எப்பவும் ஒண்ணுதான். அவ செஞ்சி காட்டுனத பாத்து நல்லா கீதுன்னு சொல்றது. ஒரு நாளு அவளுக்கு கோவம் வந்துடுச்சி. எப்பவும் நல்லா கீது நல்லா கீதுன்றீங்களே, இன்னா நல்லா இல்லன்னு ஒரு தடவ சொல்லுங்கன்னா. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தத சொன்னேன். ஏண்டி எல்லாமே ஆஸ்பத்திரி செவுரு கலருல கீது, கொஞ்சம் மஞ்ச அடிக்கக் கூடாதான்னு. அவ எழுந்து போய்ட்டா.

இப்டியே போயி வளகாப்பும் முடிஞ்சிட்சி. தீபாவளிக்கு முன்னாடி தாய் ஊட்டுக்கு இட்டுகினு போறதா பேச்சு. அங்க கம்ப்யூட்டரும் இல்ல, பாய் கடையும் இல்ல. கொழந்த பொறந்துட்டா ஜன்னலாவது கதவாவது. மேஸ்திரியோ பழசெல்லாம் சேத்து புது சாப்ட்வேர வெளிய உடப் போறாரு. இந்த தடவ இவளோட ஜன்னலு அதுக்குள்ள போனா உண்டு, இல்லன்னா இல்ல. ராவெல்லாம் தூக்கத்துல பொட்டி பொட்டின்னு பொலம்பறான்னு எம் புள்ள சொன்னான்.

ஆயுத பூஜைக்கு மொத நாளு போயி எல்லாத்தையும் அனுப்பிட்டு வந்தா. மொகம் செத்துப் போய்கீது. மேஸ்திரி அப்பவே பாத்து பதிலு போட்டுட்டாராம். பொட்டிங்கெல்லாம் பிரமாதம், ஆனா ஒண்ணு பாக்கி. ஆமாவும் அமுக்காம, வேணாமும் அமுக்காம, மேல இருக்கற பெருக்கல் குறிய அமுக்கி ஜன்னல மூடுனா, ஃபோட்டோ அழிஞ்சிடுதாம். ரெண்டு வரிதான் மாத்தணும். நாளைக்கே அனுப்பிடு, அதோட நானு மூடிடறேன்னு எழுதிட்டாரு. படிச்சி முடிக்கறதுக்குள்ள பாய் கடைய கழுவி உட ஆரம்பிச்சிட்டாரு. சரி, ஊட்டுல போயி மாத்தி, நாளைக்கி எப்டியாவது அனுப்பலாம்னு வந்தா, ஊட்டுல கரண்டு இல்ல. டிரான்ஸ்ஃபார்மரு போச்சாம். ராத்திரி பூரா இல்ல, காலையிலயும் இல்ல.

பூஜைய நிறுத்த முடியுமா? எங்க பக்கம் ஆயுத பூஜன்னா தீபாவளிக்கு மேல. கம்பெனிங்க, லேத்து, லாரி, எல்லாத்துக்கும் வாழக்கன்னு கட்டி பூசணிக்கா ஒடப்பாங்க, ரோடு பூரா செக்கச்செவேல்னு கெடக்கும். ஊட்டுல எம் புள்ளயோட ஸ்பேனரு பொட்டி, சைக்கிளு, அருவாமண, தையல் மிஷினு எல்லாத்தையும் கழுவி வச்சேன். கம்ப்யூட்டர உட முடியுமா? மருமவதான், கரண்டு எங்க வரப்போவுதுன்னு, அவ கையாலயே தெரைக்கி மூணு சந்தனப் பொட்டு வச்சா. எலிக்கு சாமந்திப்பூ மால. பொரிய எடுத்து எழுத்துக் கட்டைங்க மேல தூவுனேன், அதுதான் தப்பாப் போச்சி, மறுநாளு குச்சி வச்சி நோண்டி எடுத்தோம். கல்பூரம் ஏத்தி, மணி அடிச்சி, கண்ணத் தொறக்கறேன். தலைக்கு மேல ஃபேனு சுத்துது.

மருமவ என்ன பாத்தா. நானு அவளப் பாத்தேன். அப்பால ரெண்டு பேரும் எம் புள்ளயப் பாத்தோம். அவன் கண்ணு மூடி கும்பிட்டுகினு இருந்தவன், மூடுனபடியே, நாளைக்கி வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னான். பூஜ போட்ட ஆயுதத்த அன்னிக்கே எடுத்தா அது நம்மள எடுத்துடும்னு அவங்க கம்பெனில ஒரு பேச்சு. எனக்கும் அதே நம்பிக்கதான், பொய் சொல்லக் கூடாது. மருமவளுக்கும் அதேதான். வட பாயசத்தோட சாப்ட்டுட்டு அவன் படுத்துட்டான். அவ சாப்புடல. எலய மடிச்சிட்டு கம்ப்யூட்டர பாத்தாப்புல ஒக்காந்துகினு கீறா. புள்ளத்தாச்சி பட்டினி கெடக்கறத பாத்துகினு எப்டி இருக்கறது? எழுந்திரு, பாய் கடைல அந்த மக்கரு மிஷினு கீது இல்ல, அதுக்கு யாரு பூஜ போட்டாங்கன்னேன். புள்ள கிட்ட, பூசணிக்கா ஒடைக்கறத பாத்துட்டு வரோம்னு சொல்ட்டு ரயிலேறுனோம்.

போயி பாத்தா வரிசையே சாத்திகீது. பாய் கடை ஷட்டருக்கு சந்தனம், குங்குமம், பூட்டுக்கு கூட ஒரு பொட்டு. பாய் எதுத்த டீக்கடை பெஞ்சில ஒக்காந்து பொரி துன்னுகினு கீறாரு. நீங்க எப்பலர்ந்து பூஜ போடறீங்கன்னேன். நானு எங்க போட்டேன், பக்கத்து லேத்துக்காரரு வருசா வருசம் வரிசையில இருக்கற எல்லா கடைக்கும் அவரே வச்சிட்டு, நாளைக்கிதான் தொறக்கணும்னு சொல்ட்டு போவாருன்னாரு. மருமவ விசயத்த சொன்னா. பாய்க்கு சங்கடமாப் போச்சி. சாவிய எடுத்து கையில வச்சி உருட்டுனாரு, ஆனா எழுந்திரிக்கல.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஆயா. ஆனா அந்த மனுசன் நம்பி வச்சிட்டு போயிகீறாரு. நாளைக்கி அவரு லேத்துல பெல்ட்டு அறுந்துச்சின்னா, யார பாப்பாரு? என்னதான் பாப்பாரு."

அவரு சொல்றது ஞாயந்தான். டீக்கடைல பெரிய தேதி காலண்டரு ஒண்ணு தொங்கிக்கினு இருந்துச்சி, சாமி படம் போட்டது. எனக்கு அதப் பாத்ததும் பொறி தட்டுச்சி. எழுத்துதான் தெரியாது, திதி தெரியாதா? ஏகாதசியும் கிருத்திகையும் இத்தினி வருசமா யாரு பாத்துகினு கீறது?

"பாய், அதுல இன்னிக்கி நவமி எதுவரைக்கும் கீதுன்னு படிங்க"ன்னேன்.

பாய் ஜோப்புலர்ந்து கண்ணாடிய எடுத்து மாட்டிக்கினாரு. காலண்டரு கிட்ட போயி, வெரல வச்சி, ஒவ்வொரு வரியா கீழ எறங்கி வந்தாரு. ராகு காலம் படிச்சாரு, எமகண்டம் படிச்சாரு, ரிஷப ராசிக்கு லாபம்னும் படிச்சாரு. அப்பால திரும்பி, கண்ணாடிக்கு மேல என்ன பாத்தாரு.

"நவமி பகலோட முடிஞ்சிட்சி. அப்பால தசமியாம். ஆயா, ஒங்க விஜயதசமி பொறந்து ரொம்ப நேரம் ஆவுது."

தசமி பொறந்துட்டா மறு பூஜ போட்டு எடுக்கலாம். எடுக்கணும்தான், அன்னிக்கி ஆரம்பிச்ச படிப்பு வெளங்கும்னுதானே சொல்றது. டீக்கடைல ஒரு கட்டி கல்பூரம் வாங்கி ஷட்டரு முன்னாடி நானே ஏத்துனேன். பாய் செருப்ப கழட்டிட்டு பக்கத்துல மரியாதையா நின்னாரு. லேத்துக்காரரு வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்கன்னேன். காலண்டரு சொல்லுச்சி, நானு சொல்லலன்னு சொல்ட்டு ஷட்டர தூக்குனாரு.

மருமவ மூலைக்கு போயி ஒக்காந்தா. ரெண்டு வரிதான்னு சொன்னா, ஆனா அந்த ரெண்டு வரிக்கு மூணு வாட்டி அழிச்சி அழிச்சி எழுதுனா. அப்பால பாய கூப்ட்டு ஒக்கார வச்சா. தெரையில பழவேற்காடு ஏரி, படகுங்க, அவரே எடுத்து வச்சிருந்த ஃபோட்டோ. அழிக்கலாமான்னு கேட்டுகினு இவளோட ஜன்னலு வந்து நின்னுச்சி. மேல இருக்கற பெருக்கல் குறிய அமுக்குங்கன்னா. என் ஃபோட்டோவ வச்சா சோதிக்கறீங்கன்னு பாய் எலிய புடிச்ச கைய எடுத்துட்டாரு. எடுத்துட்டு, அப்பால எதோ சொல்லிக்கினு கண்ண மூடி அமுக்குனாரு. ஜன்னலு மறஞ்சிச்சி. ஏரி அப்டியே இருந்துச்சி, படகு ஒண்ணு கூட கொறயல. "கீதும்மா, கீது"ன்னாரு.

அனுப்பிட்டா. அனுப்பிட்டு ஒக்காந்துகினு கீறோம். பதிலு வரல. டீ வந்துச்சி, ஆறுச்சி, பதிலு வரல. ஏண்டி, நாளும் கெழமயுமா கெடு வச்சிட்டு அந்த ஆளு எங்க போனாருன்னு கேட்டேன். டூட்டில இருப்பாரு அத்தே, பஸ்ஸு ஓட்டறாரு, நடுவுல நிறுத்தற எடத்துல பாப்பாருன்னா. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சி. இத்தினி நாளும் எதோ பெரிய ஆபீசருன்னு நெனச்சிகினு கீறேன். பஸ்ஸு ஓட்டறவரா? பஸ்ஸு ஓட்டறவருக்கு ஆயுத பூஜ தெரியாதா? அந்த வண்டிக்கி ஒரு பொட்டு, ஒரு மால, சக்கரத்துக்கு கீழ ஒரு எலுமிச்சம்பழம், ஒண்ணுமில்லாமயா இத்தினி வருசம் ஓட்டிக்கினு கீறாரு? எனக்கு அந்த மனுசன் மேல இருந்த கோவமெல்லாம் போயி பயம் வந்துடுச்சி.

அப்போதான் மிஷினு டிங்குன்னுச்சி. மருமவ படிச்சா. படிச்சிட்டு ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கினா. பாய் இன்னாம்மா இன்னாம்மான்றாரு, இவ கண்ணுல தண்ணி ஊத்துது, சிரிக்கவும் சிரிக்கிறா. சேத்துட்டேன், தங்கச்சி பேரையும் போட்டுட்டேன், போய் நல்லா தூங்குன்னு எழுதிகீறாராம்.

சந்தோசந்தான், ஆனா என் மனசு பஸ்ஸுலயே கீது. எழுதுடின்னேன், வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சி ஏத்த சொல்லி எழுது, எங்க அத்த சொன்னாங்கன்னு எழுதுன்னேன். அவ என்ன ஒரு பார்வ பாத்தா. ஆனா எழுதுனா. இந்த தடவ டீ ஆறறதுக்குள்ள பதிலு வந்துட்சி. எதுக்குன்னு அவரு கேக்கல. முன் சக்கரமா பின் சக்கரமான்னு கேட்டிருந்தாரு.

நாலுக்கும்னு எழுத சொல்லிட்டு, பொரி ஒரு பிடி அள்ளி மருமவ கையில குடுத்தேன். காலையிலர்ந்து அப்போதான் அவ வாயில ஒண்ணு போட்டா.